வலத்தோளில் விழுந்த முந்தானை

தாத்தாவின் தகர டிரங்குப் பெட்டி, அத்தை காலமான பிறகு என் வீட்டுக்கு வந்தது. பொத்தோங் பாசிர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் அதை வைக்க இடம் தேடி ஜன்னலோரமாக நகர்த்தியபோதுதான் மூடியின் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். தகரம் தெரியாதபடி பழைய ஆங்கிலச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அதற்கு மேலே, நட்ட நடுவில், ஒரு வண்ணப் படம். நாலு விரல் அகலம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த உயரம். சிவப்புச் சேலை கட்டிய பெண் ஒருத்தி, கையில் எரியும் பித்தளை விளக்குடன் நிற்கிறாள். அகலமான மஞ்சள் கரை, தோளில் பஃப் கை வைத்த ரவிக்கை, அவளைச் சுற்றிப் பொன்னிற வளைவு. மேலே மலாய்க்கான ஜாவி எழுத்தில் ஒரு வரி. கீழே தமிழில் ‘விளக்கு மார்க்கு’. எழுதியவருக்குத் தமிழ் தெரியாது என்பது ‘ள’வின் சுழியைப் பார்த்தாலே தெரியும். அடியில் இருந்த ஆங்கில வரி தாழ்ப்பாள் உரசி உரசிக் கிழிந்துபோய், ‘செஸ்டர்’ என்ற பின்பாதி மட்டும் மிச்சமிருந்தது.

அத்தை அவளைப் ‘பெட்டிப் பொம்மை’ என்பார். 1930-இல் பிறந்தவர். “எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து அவ அங்கதான் நிக்கிறா” என்று பல முறை சொல்லியிருக்கிறார். தாத்தா அராப் ஸ்திரீட்டில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்து அடுக்கும் வேலை பார்த்தவர். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். படிக்கத் தெரியாதவர் தன் பெட்டியில் ஆசையாக ஒட்டிவைத்த ஒரே படம் அது. யார் வரைந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அன்றே பிடித்துக்கொண்டது.

நான் படத்தைக் காட்டியபோது பாதிப்பேர் உடனே பதில் சொன்னார்கள். “ரவி வர்மாவோட விளக்குப் பெண்தானே இது!” தமிழ் வீடுகளில் நாட்காட்டியாகவும் சட்டம் போட்ட படமாகவும் தொங்கும் அந்த ஓவியம் எல்லோருக்கும் மனப்பாடம். விளக்கைக் கையால் மறைத்துப் பிடித்த பெண், விரலிடுக்கில் சிவப்பாகக் கசியும் ஒளி. மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. ஆனால் அதை வரைந்தவர் ரவி வர்மா இல்லை. எஸ். எல். ஹல்தங்கர் என்ற மராட்டிய ஓவியர், தம் மகளை நிற்கவைத்து 1945-46-இல் நீர்வண்ணத்தில் தீட்டியது. ரவி வர்மா 1906-லேயே இறந்துவிட்டார். பெயர் மாறிப்போன ஒரு புகழ்பெற்ற படத்தின் நிழலில் என் படமும் மறைந்து கிடந்தது. அத்தையின் நினைவு சரியென்றால் என் விளக்குப் பெண் அந்த ஓவியத்துக்குப் பத்து வருடமாவது மூத்தவள்.

அத்தையின் நினைவைச் சரிபார்க்க வழி இருந்தது. படத்துக்கு அடியில் ஒட்டியிருந்த செய்தித்தாள்! தேதி இருந்த விளிம்பு வெட்டப்பட்டிருந்தது. கடைப் பெயரும் இல்லை. ஆனால் வலது மூலையில் கறுப்பு மைக் கோடுகளால் வரைந்த இன்னொரு பெண் இருந்தாள். வெள்ளைக்காரி. புருவம்வரை இறங்கிய, கவிழ்த்த மணி போன்ற தொப்பி. பிரெஞ்சில் அதன் பெயரே மணி, ‘குளோஷ்’. இடுப்புப்பட்டை இடுப்பில் இல்லாமல் தொடைக்கு இறங்கியிருந்தது. பாவாடை முழங்காலோடு நின்றுவிட்டது. உடுப்பு வரலாறு படித்தவர்களுக்கு இது தேதி அச்சடித்த மாதிரி. மேலைநாட்டுப் பெண்களின் பாவாடை விளிம்பு முழங்காலைத் தொட்டது 1926 முதல் 1928 வரை. 1929 முடியும்போது மறுபடி கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. ஆக, செய்தித்தாள் 1926-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதன்மேல் ஒட்டிய படமும் 1926-க்குப் பிறகு ஒட்டியது. அத்தைக்கு நினைவு தெரிந்த 1934 வாக்கில் படம் அங்கே இருந்தது. எட்டு வருட இடைவெளி. நல்ல தொடக்கம்.

அந்தச் செய்தித்தாள் பெண்ணைத் தேடி விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போனேன். லீ கொங் சியான் பார்வை நூலகத்தின் பதினோராம் தளத்தில் மைக்ரோஃபில்ம் படிக்கும் கருவிகள் இருக்கின்றன. பெரும்பாலான பழைய நாளிதழ்கள் இப்போது நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற இணையக் களஞ்சியத்திலேயே கிடைக்கின்றன. 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸை வீட்டில் உட்கார்ந்தே புரட்டலாம். இது எவ்வளவு பெரிய கொடை என்பது காப்பகங்களில் தூசி தட்டியவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தக் களஞ்சியம் எழுத்தைத்தான் படிக்கும். ‘பட்டு’ என்று கேட்டால் பட்டு என்ற சொல் உள்ள பக்கங்களைக் கொடுக்கும். ‘மணித்தொப்பி போட்ட பெண்ணின் படம்’ என்று கேட்டால் அதற்குப் பார்வை கிடையாது. ஆகவே பக்கம் பக்கமாகப் போனேன். 1926, 1927, 1928. ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்த ராபின்சன்ஸ், ஜான் லிட்டில் போன்ற பெரிய கடைகளின் விளம்பரங்களில் அந்தப் பெண் நூறு வடிவங்களில் நின்றாள். ஒடிசலான உடல், சின்ன வாய், கீழே பார்க்கும் கண். கோட்டோவியமாக இருந்ததற்குக் காரணம் மலிவான செய்தித்தாள் காகிதம். அதில் புகைப்படம் அப்பிக்கொள்ளும். கோடு சுத்தமாக விழும். துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த பிளாக்கை எழுத்துகளோடு சேர்த்து முடுக்கி அச்சடிப்பார்கள்.

மூன்று வருடப் பக்கங்களில் கடை விளம்பரங்களில் நான் பார்த்த ஃபேஷன் படங்களில் ஒருத்திகூடச் சேலை கட்டவில்லை. அதே ஊரில், மூன்று கிலோமீட்டருக்குள், சிராங்கூன் ரோட்டில் சேலை கட்டிய பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

தமிழ் ஏடுகளில் பார்க்கலாம் என்றால் வருடங்கள் ஒத்துவரவில்லை. மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ 1887-இல் தொடங்கி 1890-இல் நின்றுவிட்டது. கோ. சாரங்கபாணியின் ‘முன்னேற்றம்’ 1929-இல் வந்தது, ‘தமிழ் முரசு’ 1935-இல். சீர்திருத்தம் பேசவும் கூலித் தொழிலாளியின் குறை சொல்லவும் பிறந்த ஏடுகள் அவை. அவற்றில் உடுப்புப் படம் தேடுவது நியாயமும் இல்லை.

நூலகத்தை விட்டுத் தெருவுக்கு வந்தேன். சிராங்கூன் ரோட்டில் மூன்று தலைமுறையாகத் துணி விற்கும் ஒரு கடையில், கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இது மார்க்கும்மா. மல்லு, லாங்கிளாத், எதுவானாலும் பீஸுக்கு மேல மடிப்புல ஒட்டி வரும். எங்கப்பா கடையில பொம்பளைங்க துணிக்கு வாங்குறாங்களா, படத்துக்கு வாங்குறாங்களான்னே தெரியாதும்பாரு.”

“பேரு சொல்லிக் கேக்க மாட்டாங்களா, ஐயா?”

“யாருக்குப் பேரு தெரியும்? யானை மார்க்கு குடு, மயில் மார்க்கு குடும்பாங்க. மலாய்க்காரங்க ‘சாப்’ம்பாங்க. இது அவங்களுக்கு ‘சாப் பெலித்தா’.”

பெலித்தா என்றால் மலாயில் எண்ணெய் விளக்கு. ‘சாப்’ என்ற சொல் அதைவிடச் சுவையானது. இந்தியில் ‘சாப்’ என்றால் முத்திரை, அச்சு. அது கப்பலேறி மலாயில் வணிகக் குறியானது. தமிழிலும் ‘சாப்பா’ என்ற சொல் முத்திரை என்ற பொருளில் இருக்கிறது. பெங்களூருவிலுள்ள கலை, புகைப்பட அருங்காட்சியகம் 2025-இல் இந்தத் துணி லேபிள்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. தலைப்பே ‘டிக்கெட், டீக்கா, சாப்’. துணியை அனுப்பிய மான்செஸ்டர்காரன் (என் படத்தில் மிஞ்சிய ‘செஸ்டர்’ அந்த ஊர்தான்) டிக்கெட் என்றான், இந்திய வியாபாரி டீக்கா என்றும் சாப் என்றும் சொன்னான். சிராங்கூன் ரோட்டுப் பெரியவர் அந்தக் கண்காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. அந்தச் சொல் அவர் வாயில் தானாக வந்தது.

சந்தோஷமாக நியூஸ்பேப்பர்எஸ்ஜிக்குத் திரும்பி ‘சாப்’ என்று ஆங்கிலத்தில் தேடினேன். ஆயிரக்கணக்கில் கொட்டியது. அந்நாள் சிங்கப்பூரில் பல சீனர் கடைகளின் பெயர்கூட ‘சாப்’ என்றுதான் தொடங்கியது என்பதை மறந்திருந்தேன். மளிகைக்கடை, அடகுக்கடை, படகுக் கம்பெனி எல்லாம் சாப். விளக்கு அந்தக் கடலில் மூழ்கிவிட்டது. வணிகக்குறிப் பதிவேட்டைப் பார்க்கலாமென்றால், வணிகக்குறிகளைப் பதிவு செய்ய இங்கே சட்டம் வந்ததே 1938-இல். என் படம் அதற்கு முன்பே பெட்டிக்குள் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் ஒரு பழைய வழக்கு கைகொடுத்தது. பருத்திக் குறிகள் பற்றிப் படித்துக்கொண்டு போனபோது, பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1882-இல் தீர்த்த ஜான்ஸ்டன் எதிர் ஓர் யூயிங் வழக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் லெவன் பள்ளத்தாக்கில் ‘டர்க்கி ரெட்’ என்ற கெட்டிச் சிவப்புச் சாயத்தில் நூல் தோய்த்து ஏற்றுமதி செய்த நிறுவனம் ஓர் யூயிங். அவர்கள் நூல்கட்டின் லேபிளில் இரண்டு யானைகள். பம்பாயிலும் ஏடனிலும் அந்த நூலுக்குப் பெயர் ‘பே ஹாத்தி’. குஜராத்தியில் ‘பே’ என்றால் இரண்டு. போட்டி வியாபாரி ஒருவர் தம் லேபிளிலும் இரண்டு யானை போட்டார். கம்பெனிப் பெயர் வேறு, எழுத்து வேறு, படமும் அச்சு அசல் ஒன்றல்ல. லண்டன் கடைக்காரர் யாரும் ஏமாற மாட்டார். ஆனால் கடைசியில் நூலை வாங்குபவர் ஆங்கிலம் படிக்கத் தெரியாத நெசவாளி. அவருக்கு ‘இரண்டு யானை’தான் பெயர், முகவரி, உத்தரவாதம் எல்லாம். ஆகவே இரண்டாவது யானை ஜோடி செல்லாது என்று பிரபுக்கள் முடிவு செய்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கோ ஒரு நெசவாளி, எழுத்தறியாதவர், நீதிமன்றத்துக்குப் போகாதவர். அவருடைய கண் எப்படிப் பார்க்கிறது என்பதை வைத்து லண்டனில் பெரிய நீதிபதிகள் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். தாத்தாவும் அப்படிப் பார்த்தவர். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படமாக எழுதிய பெயரை நான் எழுத்துக் களஞ்சியங்களில் தேடிக்கொண்டிருந்தேன். கேள்வியைப் படத்திடமே கேட்க வேண்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸை வாங்கி வந்து மூடியின் மேல் குனிந்தேன். அவள் கன்னம் முழுக்கப் புள்ளிகள். சீரான கட்டங்களில் அமைந்த புள்ளிகள் அல்ல. அவை இருந்தால் புகைப்பட முறையில் தயாரித்த அச்சு. இவை கையால் வைத்தவை. கண்ணுக்கடியில் நெருங்கி, தாடையருகே கலைந்து, உதட்டோரத்தில் ஒன்றிரண்டு தப்பிப்போய். பவேரியாவின் ஸோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய் மையால் ஒருவர் உட்கார்ந்து வைத்த புள்ளிகள் இவை. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல். விளிம்பில் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராத இடத்தில் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது நிறம் தெரிந்தது. அவற்றில் சேலையின் சிவப்புக்கு மட்டும் இரண்டு. பொன்னிற வளைவு பத்தாவது. ஒட்டும் வார்னிஷை முதலில் அச்சடித்து, ஈரம் காயுமுன் வெண்கலப் பொடியைத் தூவித் தட்டிவிடுவார்கள். அந்தப் பொடி காலப்போக்கில் கறுத்துப் பச்சையோடும். மூடியின் வளைவிலும் அப்படித்தான் இடது பக்கம் பாசி படர்ந்தது போலிருந்தது. ஒரு கெஜம் துணியின் விலை என்னவாக இருந்தாலும் சரி, மடிப்பைப் பிரித்ததும் கிழிந்துபோகப் போகிற ஒரு காகிதத்துக்குப் பத்துக் கல் செலவழித்திருக்கிறார்கள்.

அடுத்த துப்பு என்னுடையது அல்ல. தேக்கா சென்டர் மாடியில் சேலையும் சுடிதாரும் விற்கும் கடைகளுக்கு நடுவே ரவிக்கை தைக்கும் ஒரு அக்காவிடம் அந்தப் பஃப் கையைப் பற்றிக் கேட்கப் போயிருந்தேன். கை எந்தக் காலத்து வெட்டு என்று அவரால் சொல்ல முடியும் என்று நினைத்தேன். அவர் கையைப் பார்க்கவேயில்லை.

“என்னா தங்கச்சி, இவ முந்தானைய மாத்திப் போட்டிருக்கா?”

பார்த்தேன். மாதக்கணக்கில் பார்த்த படம். முந்தானை அவளுடைய வலத்தோளில் கிடந்தது.

“விளக்க வேற எடது கையில புடிச்சிருக்கா. நம்ம பொம்பளைங்க யாரும் அப்படிப் புடிக்க மாட்டாங்க.”

சொல்லிவிட்டு அவரே என் கைப்பேசியை வாங்கி, வாடிக்கையாளர்கள் அளவு பார்க்கும் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்குள் இருந்த பெண் வலது கையில் விளக்கேந்தி, இடத்தோளில் முந்தானை போட்டு, சரியாக நின்றாள்.

உடனே நம்பிவிடவில்லை. வலத்தோளில் முந்தானை போடும் வழக்கம் குஜராத்தில் உண்டு. மான்செஸ்டர் துணி பம்பாய் வழியாகவும் போனதால் குஜராத்திப் பெண்ணை வரைந்திருக்கலாம் அல்லவா? ஆனால் குஜராத்திக் கட்டில் முந்தானை முதுகுப்பக்கத்திலிருந்து வலத்தோள் வழியாக முன்னால் வந்து மார்பில் விரிந்து நிற்கும். என் படத்தில் அது மார்பின் குறுக்கே போய்த் தோளைத் தாண்டிப் பின்னால் விழுகிறது. கொசுவம் முன்னால். இது ரவி வர்மா காலத்தில் மேல்தட்டுப் பெண்களிடையே பரவிய, இன்று எல்லோரும் கட்டும் கட்டு. பக்கம் மட்டும்தான் மாறியிருக்கிறது. கல்லச்சின் இயல்பே அதற்குக் காரணம். கல்லில் வரைந்தது காகிதத்தில் இடம் வலம் மாறி விழும். அதனால் கல்லில் கண்ணாடிப் பிம்பமாக வரைய வேண்டும். எழுத்து புரண்டுவிட்டால் யாருக்கும் தெரிந்துவிடும் என்பதால் ஜாவி வரியையும் தமிழ் வரியையும் கவனமாகப் புரட்டி எழுதியிருக்கிறார்கள். பெண்ணைப் புரட்டவில்லை. முன்னால் வைத்திருந்த ஏதோ ஒரு படத்தைப் பார்த்து அப்படியே நேராகக் கல்லில் வரைந்துவிட்டார் அந்தக் கைவினைஞர். அவள் புரண்டிருப்பது அவர் ஊரில் யாருக்கும் தெரியப் போவதில்லை. தேக்காவில் ரவிக்கை தைப்பவருக்குத் தெரியும்.

இந்த ஒரு தவறு பல கதவுகளைத் திறந்தது. அவர் இதைக் கற்பனையில் வரையவில்லை, முன்னால் ஒரு மூலம் இருந்தது. அது இந்தியாவிலிருந்து போன அச்சுப்படம் என்றுதான் நினைக்கிறேன். ரவி வர்மா 1894-இல் பம்பாயின் காட்கோபரில் கல்லச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்ளா அருகே மளவ்லிக்கு மாறி, ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போனது. அங்கிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் சகுந்தலையும் வீடுவீடாகப் போனார்கள். அதற்கு முன்பே, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் பத்து ஓவியங்கள் அனுப்பிப் பரிசு பெற்றார். பல சமூகப் பெண்கள், ஆளுக்கொரு உடுப்பு, ஆளுக்கொரு கட்டு. சுமார் 1889-இல் தீட்டிய ‘இசைக் கலைஞர்கள்’ ஓவியத்தில் பதினொரு பெண்கள் ஒரே அறையில் விதவிதமாக உடுத்தி இருக்கிறார்கள். பாரிஸில் வெளிவந்த உடுப்புத் தட்டுகளுக்கு இணையாக நம்மிடம் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் நான் அந்த ஓவியத்தைத்தான் காட்டுவேன்.

மான்செஸ்டருக்கு இந்திய உடுப்பைப் பற்றி வேறு வழியிலும் தெரிந்திருந்தது. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866-இல் இந்தியத் துணிகளின் மாதிரிகளை 18 தொகுதிகளாக வெளியிட்டார். 700 துண்டுகள், நிஜத் துணியிலேயே வெட்டி ஒட்டியவை. இருபது செட்; 13 பிரிட்டனின் நெசவு நகரங்களுக்கு, 7 இந்தியாவுக்கு. இந்தியர் எதை, எத்தனை கெஜம், எப்படி உடுத்துகிறார்கள் என்று பார்த்து அதே மாதிரி இயந்திரத்தில் நெய்து அவர்களுக்கே விற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அவர் அதை மறைக்கவும் இல்லை. சேலையும் தலைப்பாகையும் லுங்கியும் கத்தரி படாமல் தறியிலிருந்து நேராக உடம்புக்குப் போகும் உடைகள் என்று தனியே வகை பிரித்திருக்கிறார். நம் நெசவாளிகள் தறியை விட்டதற்குப் பின்னால் இந்தத் தொகுதிகளும் இருக்கின்றன. தாத்தாவின் மனைவி, என் அப்பாயி, ‘கிளாஸ்கோ மல்’ என்று பெருமையாகச் சொல்வாராம். அந்தச் சொல்லை இப்போது கேட்கும்போது எனக்கு மனம் கசக்கிறது.

பஃப் கை விஷயத்துக்கு வருகிறேன். தோளில் பலூன் போல உப்பிய கை 1890-களில் ஐரோப்பாவில் உச்சத்தில் இருந்த பாணி. அங்கிருந்து இந்தியாவின் படித்த குடும்பங்களுடைய ரவிக்கைக்கு வந்தது. 1927-இல் லண்டன் பெண்ணிடம் அப்படி ஒரு கை இல்லை; என் மூடியில் பக்கத்திலேயே நிற்கும் மணித்தொப்பிக்காரியின் கை சப்பையாக இருக்கிறது. அப்படியானால் விளக்குப் பெண்ணை வரைந்தது ஒட்டியதற்கு வெகு முன்பு. இருபது, முப்பது வருடம் அதே கற்களிலிருந்து, அல்லது அவற்றின் நகலிலிருந்து, அவள் மறுபடி மறுபடி அச்சாகியிருக்க வேண்டும். மார்க்கை மாற்ற முடியாது. கையைச் சப்பையாக்கி, சேலையைப் பச்சையாக்கினால் வாங்குபவர் ‘இது வேற துணி’ என்று வைத்துவிட்டுப் போவார். பாரிஸ் உடுப்புப் படம் பருவத்துக்குப் பருவம் பழசாகிவிட வேண்டும். அதுதான் அதன் தொழில். துணி லேபிளுக்குப் பழசாகாமல் இருப்பதுதான் தொழில்.

அந்தப் பாரிஸ் படங்களையும் நூலகத்தின் கலைநூல் அடுக்குகளில் போய்ப் பார்த்தேன். பால் புவாரே என்ற உடையலங்காரர் 1908-இல் பால் இரீப் என்ற இளைஞரை வைத்துத் தம் உடைகளை வரையச் செய்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். பத்துத் தட்டுகள், 250 பிரதிகள். 1911-இல் ஜார்ஜ் லெபாப்பை வைத்து இன்னொன்று. ‘புஷ்வார்’ என்ற முறையில், தகட்டில் வெட்டிய துளைகள் வழியாக ஒவ்வொரு நிறத்தையும் கையால் பூசினார்கள். 1912-இல் ‘கஸெத் து போன் தோன்’ இதழ் வந்தது. ஜார்ஜ் பார்பியே அதில் வரைந்த பெண்களின் தலையில் தலைப்பாகை, தலைப்பாகையில் இறகு. அந்தத் தலைப்பாகை எங்கிருந்து வந்தது? லண்டன் சவுத் கென்ஸிங்டன் அருங்காட்சியகத்தில் இந்தியத் தலைப்பாகைகளைக் கண்டு சொக்கிப்போய், தம் கடைத் தையல் தலைவியை வரவழைத்து அங்கேயே உட்காரவைத்துப் படியெடுக்கச் சொன்னதாகப் புவாரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பெரும்பாலான தட்டுகளில் ஓவியரின் கையெழுத்து இருக்கிறது. இன்று ஏலத்தில் விலை பேசுவது அந்தக் கையெழுத்துதான். இந்தியத் தலைப்பாகையைப் பாரிஸுக்கு வரைந்தவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பாரிஸின் பஃப் கையை நமக்கு வரைந்தவர் கையெழுத்துப் போடவில்லை. லென்ஸை வைத்து ஓரம் ஓரமாகத் தேடினேன். விளக்கின் பாதத்தில், சேலைக் கரையில், வளைவின் பூவில். லேபிள் கம்பெனியின் சொத்து, கை கூலிக்கு.

அப்பாயி எப்படிச் சேலை கட்டுவார் என்று அத்தையிடம் கேட்டுவைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பின்கொசுவம். கொசுவத்தைப் பின்னால் செருகி, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய உழைக்கும் பெண்ணின் கண்டாங்கிக் கட்டு. ரவிக்கை போட்டதே சிங்கப்பூர் வந்த பிறகுதான். படத்துப் பெண் கட்டியிருந்ததை அப்பாயி அதுவரை யார் உடம்பிலும் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். அவருக்கு அந்தக் காகிதம்தான் உடுப்புப் பத்திரிகை. பிறகு முன்கொசுவத்துக்கு மாறியபோது, “பெட்டிப் பொம்மை மாதிரி கட்டிக்கிட்டேன்” என்று சிரித்தாராம். இடத்தோளா வலத்தோளா என்று அத்தையிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

இந்த லேபிள்கள் எங்கே போயின? பலவற்றை நெருப்பு தின்றது. 1921 ஜூலை 31 அன்று பம்பாயில் அந்நியத் துணியைக் குவித்துக் கொளுத்தியபோது அதனோடு லேபிள்களும் எரிந்திருக்கும். அதே வருடம் செப்டம்பரில் மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். இங்கே மலாயாவில் வேறு விதமாக நடந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஜப்பானியத் துணி மிக மலிவாக வந்து குவிந்தது. மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் ஆலைகளைக் காப்பாற்ற 1934-இல் காலனி அரசு பேரரசுக்கு வெளியே நெய்த துணிக்கு அளவு கட்டியது. ஏழைகளுக்கு மலிவுத் துணி போய்விட்டது. மான்செஸ்டரும் மீளவில்லை.

கடைசியாக அராப் ஸ்திரீட்டுக்குப் போனேன். தாத்தா வேலை பார்த்த தெரு. அங்கே இன்றும் ‘காயின் பெலேக்காட்’ என்று கட்டம் போட்ட கைலி விற்கிறார்கள். பெலேக்காட் நம் பழவேற்காடு. நானூறு வருடத்துக்கு முன் அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய துணியின் பெயர் துணியோடு ஒட்டிக்கொண்டு விட்டது. அடுக்கிலிருந்து ஒன்றை உருவிக் கடைக்காரர் என் முன்னால் போட்டார். மடிப்பின் நடுவில், பளபளவென்று, பொன் வளைவுக்குள் ஒரு யானை உட்கார்ந்திருந்தது. அவர் பெயர் படிக்கவில்லை. “சாப் காஜா, நல்ல துணி” என்றார். யானை மார்க்கு.

பெட்டியைக் காப்பகத்துக்கு ஆவணமாகக் கொடுக்க முடிவு செய்துவிட்டேன். மூடியிலிருந்து படத்தைப் பிரிக்க வேண்டாம், செய்தித்தாள் பெண்ணும் விளக்குப் பெண்ணும் சேர்ந்தே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். நன்கொடைப் படிவத்தில் ‘விவரணை’ என்ற கட்டம் இருந்தது. ‘துணி லேபிள், படம்’ என்று இரண்டு சொல்லில் முடிக்கலாம். முடித்தால் அடுத்து தேடி வருபவருக்கு அவள் கிடைக்க மாட்டாள். எனவே எழுதினேன்: பெண், சிவப்புச் சேலை, மஞ்சள் கரை, முன்கொசுவம், முந்தானை வலத்தோளில் (புரண்ட பிம்பம்), பஃப் கை ரவிக்கை, இடக்கையில் பித்தளை விளக்கு, விளக்கு மார்க்கு, சாப் பெலித்தா, பெட்டிப் பொம்மை, கல்லச்சு, பத்துக் கல், ஜாவி, தமிழ், ஆங்கிலம். கட்டம் போதாமல் பின்பக்கம் திருப்பி எழுத வேண்டியிருந்தது.

அடுத்த கட்டம் ‘வரைந்தவர்’. ‘தெரியாதவர்’ என்று ஏற்கெனவே அச்சிட்டு, டிக் செய்ய ஒரு சின்னச் சதுரமும் வைத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்: மான்செஸ்டர் லேபிளுக்காகக் கல்லில் புள்ளி வைத்தவர்.